கோதா ஓரத்துத் தொப்பி

என் தம்பி ராயின் மனைவி நோரீனுக்கு எண்பது வயது நெருங்குகிறது. மல்யுத்தம் என்று யாராவது பேச்செடுத்தால் போதும், எழுந்துபோய்த் தேநீருக்குத் தண்ணீர் வைப்பாள். பாட்டிக்கு அதெல்லாம் பிடிக்காது என்று பேரப்பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிடிக்காதாவது! இங்கிலாந்தில், போல்டனுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அவளைப்போல மல்யுத்தப் பைத்தியம் பிடித்த பெண் வேறு யாரும் இருந்ததில்லை, அவளுடைய அம்மா ஹில்டாவைத் தவிர.

ஹில்டா பஞ்சாலையில் தறி ஓட்டியவள். புருஷன் இல்லை. தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய தொண்டை. குளிர்காலத்தில் ஊர் நீச்சல்குளத்தின் மேல் பலகை பரப்பி, நடுவில் கோதா அமைத்து, புதன்கிழமைகளில் மல்யுத்தம் நடத்துவார்கள். கூட வரும் தோழி ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட்டதால், பதினேழு வயது மகளை இழுத்துக்கொண்டு போனாள் ஹில்டா.

நோரீனுக்கு உடம்பெல்லாம் கூசியது. கீழே குளோரின் வாடை, மேலே சிகரெட் புகை, பக்கத்தில் அம்மா போட்ட கூச்சல். ரெஜி லவல் என்ற வில்லன் கோதாவில் ஏறி நின்று, கைக்கண்ணாடி பார்த்துத் தலை சீவினான். நடுவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, எதிரே நின்ற எங்கள் ஊர்ப் பையனின் கண்ணில் விரலை விட்டான். "யோவ் நடுவரு, பின்னாடி பாருய்யா! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று ஒரு பெண் அலறினாள். அலறியது தான்தான் என்பது நோரீனுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

அதன்பிறகு ஒரு புதனையும் அவள் விடவில்லை. எந்தப் பிடிக்கு என்ன பெயர், எந்தெந்தத் தப்புக்கு நடுவர் பகிரங்க எச்சரிக்கை கொடுப்பார், எல்லாம் அத்துப்படி. "எல்லாம் பேசிவச்சு ஆடுறதுதானே ஹில்டா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் சீண்டினால், "உன்னைத் தூக்கிப் பலகைமேல போடச் சொல்லவா? பேசிவச்சே போடச் சொல்றேன், வா" என்பாள் ஹில்டா. அம்மாவும் மகளும் சிரித்துக்கொண்டே ஒரே பையிலிருந்து ரொட்டி தின்பார்கள்.

அப்போதுதான் ராய் வந்து சேர்ந்தான். நகரசபையில் குமாஸ்தா, வெள்ளைக் காலர். எங்கள் வீடு எப்படிப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெருவில் யாராவது சத்தமாகச் சிரித்தால் எங்கள் அம்மா ஜன்னல் திரையை இழுத்துவிடுவாள். நோரீன் பயந்துபோய், புதன்கிழமை தையல் வகுப்புக்குப் போவதாக ராயிடம் சொல்லி வைத்திருந்தாள்; தன் வீட்டுப் பக்கம் அவனை வரவிட்டதும் இல்லை.

ஒரு புதனன்று குளத்துக்கு டிவிக்காரர்கள் கேமராவோடு வந்தார்கள். அன்று எடுத்தது சனிக்கிழமை சாயங்காலம் வரும், கால்பந்து முடிவுகளுக்குச் சற்று முன்னால். அதே சனிக்கிழமைதான் நோரீன் முதல்முறையாக எங்கள் வீட்டுக்குத் தேநீருக்கு வருவதாக இருந்தது. ஹில்டா தெரு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டு, மகளிடமும் சொல்லி அனுப்பினாள்: "அங்கயும் டிவியப் போடச் சொல்லுடீ. சம்பந்தியம்மா என் மூஞ்சிய முன்னாடியே பாத்துக்கட்டும்."

யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. பந்தயச் சீட்டோடு கால்பந்து முடிவுக்காகக் காத்திருக்கிற எல்லா அப்பாக்களையும்போல எங்கள் அப்பாவும் முன்கூட்டியே டிவியைப் போட்டார். ரெஜி லவல் கயிறுகளுக்கு வெளியே வந்து விழுந்தான். முன்வரிசையிலிருந்து ஒரு பெண் பாய்ந்தாள். தலையில் நீண்ட இறகு வைத்த தொப்பி. கைப்பையால் அவன் பின்பக்கத்தில் சாத்து சாத்தென்று சாத்தினாள். பை திறந்துகொண்டு ரொட்டித் துண்டுகள் பறந்தன. பக்கத்தில் ஒரு பெண் முதுகைக் காட்டிக் குனிந்து, சிதறியதைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். நானும்தான் சிரித்தேன். அம்மா தட்டைக் கீழே வைத்தாள்.

"சீ! இதெல்லாம் ஒரு பொம்பளையா? நம்ம ஊரு மானமே போச்சு. நோரீன், ஆலைப்பக்கத்து ஆளு மாதிரி இருக்கே, உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க, மிஸஸ் பில்லிங்," என்றாள் நோரீன்.

அவள் காதுமடல் சிவந்திருந்தது. கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததால் என்று நான் நினைத்தேன்.

மிச்சத்தை நோரீனே, ஹில்டா செத்த வருஷம், என்னிடம் சொன்னாள். அன்று வீடு திரும்பியபோது ஹில்டா வாசலிலேயே நின்றிருக்கிறாள். "பாத்தாங்களா? என்ன சொன்னாங்க?" அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல நோரீனுக்கு வாய் வரவில்லை. "பாத்தாங்கம்மா. விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ராயோட அம்மா கைகூடத் தட்டினாங்க." ஹில்டாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த மாதம் சம்பந்திகள் சந்திக்கும் நாள் வந்தது. நான்தான் கதவைத் திறந்தேன். முதலில் இறகுதான் உள்ளே வந்தது, அதற்குக் கீழே ஹில்டா.

"என்னை அடையாளம் தெரியுதா?" என்றாள் அம்மாவிடம், முகமெல்லாம் பல்லாக. "தெரியணும்னுதான் அதே தொப்பிய மாட்டிக்கிட்டு வந்தேன்."

அப்பா முந்திக்கொண்டார். "அட, டிவியில பையால மொத்தினது நீங்கதானா!"

அம்மா ஹில்டாவைப் பார்க்கவில்லை. நோரீனைப் பார்த்தாள். "யாருன்னே தெரியாதுன்னு சொன்னியேம்மா?"

நோரீன் ராயின் பின்னால் நின்றாள். ஹில்டா மகளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, தறிக்கூடத்துத் தொண்டையா இது என்று சந்தேகப்படும்படி மெல்லப் பேசினாள்.

"அவளுக்கு எப்படிங்க தெரியும்? அவ அங்கெல்லாம் வர்ற பொண்ணு இல்ல. தொப்பிகூட இரவல்தான். அவளே பாத்திருக்க மாட்டா."

ஒருவரும் நம்பவில்லை. ஒருவரும் மறுத்துப் பேசவும் இல்லை. அம்மா தேநீர் ஊற்றினாள். எங்கள் வீட்டு நாகரிகத்தைப் பற்றி எனக்கு வெட்கம் வந்தது அன்றுதான்.

அம்மாவும் மகளும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்களாம். பஸ் வளைவில் திரும்பும்போதுதான் கேட்டிருக்கிறாள், "கை தட்டினாங்கன்னு சொன்னியே கண்ணு, அதுவும் இல்லையா?"

நோரீன் அழுதாளாம். ஹில்டா கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாளாம், அவ்வளவுதான்.

புதன்கிழமை வந்தது. வாயால் கேட்கமுடியாத மன்னிப்பை இப்படியாவது கேட்டுவிடலாம் என்று நோரீன் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறாள். ஹில்டா தலையில் வெறும் கம்பளித் துணியைக் கட்டிக்கொண்டு வந்தாள். கோபமில்லை, குத்தலில்லை. மகளின் கோட்டுப் பொத்தானை அவளே கழற்றிவிட்டாள்.

"நீ வேண்டாம் கண்ணு. இன்னிக்கும் கேமரா வருதாம். உன்னை யாராவது பாத்துடப் போறாங்க."