பெரியநாயகி எனக்கு அனுப்பிய ஆள்

ஐம்பத்தாறாம் வருஷம் சித்திரையில் என் வீட்டுக்காரர் இறந்துபோனார். புதுக்கோட்டைக்குத் தெற்கே ரயில் பாதையில் கேங்மேனாக வேலை பார்த்தவர். தண்டவாளத்துக்குக் கல் அள்ளிப் போடும்போது பாம்பு கடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என் மகள் அப்போது கைக்குழந்தை. பிறந்த வீட்டிலும் எனக்கு யாரும் இல்லை. சோறு தண்ணீர் இல்லாமல் சுருண்டு கிடந்தேன்.

ரயில்வேயில் இரக்கப்பட்டு எனக்கு ஒரு கேட் வேலை கொடுத்தார்கள். பஸ் போகிற ரோடு தண்டவாளத்தைத் தாண்டும் இடம் அது. பக்கத்திலேயே ஒற்றை அறை வீடு. ரயில் வரும் நேரத்தில் கேட்டைச் சாத்தி, பச்சைக் கொடியோடு நிற்க வேண்டும். பகலுக்கும் ராத்திரிக்கும் சேர்த்து ஒரே ஆள்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஆபீஸ்காரர்களும் போகிற பாசஞ்சர் வண்டி, கூட்ஸ் வண்டி, எது வந்தாலும் எழுந்து நிற்பேன். இரண்டு வண்டிக்கு நடுவில் கிடைக்கிறதுதான் தூக்கம்.

வேலை கிடைத்த நிம்மதியும் நிலைக்கவில்லை. என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்தவர்களில் கருப்பையா என்று ஒருவர். பல வருஷமாகத் தற்காலிக ஆளாகவே இருந்தவர். வேலை இருந்தால் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் போகச் சொல்லிவிடுவார்கள். அடுத்து வருகிற நிரந்தர வேலை அவருக்குத்தான் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். அது எனக்கு வந்துவிட்டது. அவரும் பிள்ளைகுட்டிக்காரர். அவர் கோபத்தை நான் எப்படித் தப்பு என்று சொல்வேன்?

"ஒத்தைப் பொம்பளை கேட்டைப் பாத்துக்கிருவாங்களா? ஏதாச்சும் ஆச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?" என்று ரயில் பாதை இன்ஸ்பெக்டரிடமே கேட்டார். கேங் ஆட்கள் எல்லாரும் அவர் பக்கம். கேட்டுப் பக்கத்துப் புளியமரத்தடியில் சாப்பிட்டவர்கள், நான் வந்த பிறகு தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள். என் வீட்டுக்காரர் இருந்தவரை என்னை மதினி என்று கூப்பிட்டவர் கருப்பையா. இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். லீவு கேட்டால் மாற்று ஆள் வராது. காய்ச்சலோடும் கொடி பிடித்து நின்றிருக்கிறேன்.

எனக்கு இருந்த ஒரே துணை திருவரங்குளம் பெரியநாயகி அம்பாள். அவள் பெயரைத்தான் மகளுக்கு வைத்திருந்தேன். நாயகி என்று கூப்பிடுவேன். கோயிலுக்குப் போக முடியாததால் வீட்டிலேயே விளக்கேற்றிக் கும்பிடுவேன். இந்த வேலை என் கையை விட்டுப் போகக் கூடாது என்பதுதான் அன்றாடம் என் வேண்டுதல்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம், ஒரு மத்தியானம். மூன்று நாளாக நாயகிக்குக் காய்ச்சல். மாற்று ஆள் வேண்டும் என்று ஸ்டேஷனுக்குச் சொல்லி அனுப்பியும் யாரும் வரவில்லை. திடீரென்று பிள்ளைக்கு ஜன்னி கண்டுவிட்டது. கைகால் வெட்டி இழுத்தது. கண் செருகியது. பாசஞ்சர் வருகிற நேரம் வேறு. கேட்டை விட்டுப் போனால் ரோட்டில் வருகிறவர்கள் உயிருக்கு ஆபத்து. போகாவிட்டால் என் பிள்ளை இருக்காது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டருகே நின்று கதறினேன். "ஆத்தா, பெரியநாயகி, யாரையாவது அனுப்பு" என்று மட்டும்தான் வாயில் வந்தது.

தண்டவாளத்து ஓரமாக ஒருவர் சுத்தியலோடு நடந்து வந்தார். கிட்டே வந்ததும் பார்த்தேன். கருப்பையா.

கேட்டில் நான் இல்லை என்று இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் வேலை போய்விடும். அது இவருக்கே வந்துவிடும்.

அவர் என் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். சுத்தியலைக் கீழே போட்டார்.

"கொடியக் குடுங்க மதினி. நான் பாத்துக்கிறேன்."

அந்த நேரம் பார்த்து டவுன் பஸ் வந்து நின்றது. நான் தயங்கினேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"எம் பிள்ளைக மேல சத்தியம். நீங்க ஏறுங்க."

அம்பாளை நினைத்துக்கொண்டு கொடியை அவர் கையில் கொடுத்தேன். பஸ் தாண்டியதும் அவர் கேட்டைச் சாத்துவதைத் திரும்பிப் பார்த்தேன்.

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்காது என்று டாக்டர் சொன்னார். சாயங்காலம் நாயகி கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

ஆனால் நான் திரும்புவதற்குள் இன்ஸ்பெக்டர் தண்டவாளத்தில் தள்ளிவருகிற டிராலியில் வந்து பார்த்துவிட்டார். தன் வேலையை விட்டுக் கேட்டில் நின்றதற்காகக் கருப்பையாவை அன்றோடு வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மறு வாரம் ஒரு பெரிய அதிகாரி வந்து எங்கள் இருவரையும் விசாரித்தார். கேங் ஆட்களும் வந்து நின்றார்கள்.

"இந்தக் கேட் வேலையைக் கேட்டவன் நீதானே?" என்றார் அதிகாரி.

"ஆமாங்க. இப்பவும் கேக்குறேன்" என்றார் கருப்பையா. "அதுக்காகப் பிள்ளையச் சாக விடச் சொல்றீங்களா? அவங்களா கேட்டை விட்டுப் போகலைங்க. நான்தான் போகச் சொன்னேன்."

பிறகு கேங் மேஸ்திரி முன்னால் வந்தார். "பகலும் ராத்திரியும் ஒரே ஆளு எப்படிங்க பாக்க முடியும்? இவங்களுக்கு முன்னால இருந்த ஆளும் இதத்தான் சொன்னாரு. இவங்க ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்புனா நாங்களும் நாளைக்கு வேலைக்கு வர மாட்டோங்க."

இரண்டு வருஷமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவர்கள் அவர்கள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

எனக்கு எச்சரிக்கையோடு போயிற்று. வேலை வந்தால் கூப்பிடுகிறோம் என்று சொன்னார்களே தவிர, கருப்பையாவை மட்டும் திரும்பக் கூப்பிடவில்லை. அவர் விறகு வெட்டப் போனார். அதற்குப் பிறகு எனக்காக வேண்டிக்கொள்ள என்னால் முடியவில்லை. விளக்கேற்றினால் அவர் வீட்டுப் பிள்ளைகள்தான் கண்ணில் நின்றார்கள். "அவருக்கு ஒரு வழி காட்டு தாயே" என்று நாலைந்து மாதம் அழுது கேட்டேன்.

தை பிறந்ததும் உத்தரவு வந்தது. மேஸ்திரி சொன்னபடியே எங்கள் கேட்டுக்கு இன்னொரு ஆள். நிரந்தர வேலை. கருப்பையாவுக்கே கொடுத்திருந்தார்கள். முதல் நாள் ராத்திரி முறையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றைக்குத்தான் நானும் என் மகளும் விடிய விடியத் தூங்கினோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை, கேங் ஆள் ஒருவர் கேட்டைப் பார்த்துக்கொள்ள, இரண்டு குடும்பமும் திருவரங்குளம் போய் அர்ச்சனை செய்தோம். இப்போது நாயகி பள்ளிக்கூடம் போகிறாள். எனக்கு வந்த வேலை இன்னொருவர் வாயிலிருந்து பிடுங்கியதாக இருக்கக் கூடாது என்று அம்பாள் நினைத்திருக்கிறாள். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

கஷ்டத்தில் இருக்கிற அக்கா தங்கச்சிகளுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் சொல்கிறேன். அவளைக் கூப்பிடுங்கள், நிச்சயம் ஆள் அனுப்புவாள். வருகிறவர் உங்களுக்குப் பிடிக்காதவராக இருந்தால், தயவுசெய்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.