பாடன்-பாடனில் மச்சாளின் முழங்கால்

பிள்ளையாரே என்று கனடாவின் மல்வேர்னிலிருந்து புறப்பட்டோம், நானும் என் அண்ணனின் மனைவி வசந்தி மச்சாளும். ஜேர்மனியின் பிராங்பேர்ட் வரை ஏழரை மணிநேர விமானம், பிறகு தெற்கே ரயில். முன்பு ஊர்ச் சண்டையில் ஷெல் பட்ட மச்சாளின் முழங்கால், பிறம்ரன் வெயர்ஹவுஸ் வேலையில் நிற்கவே விடவில்லை. ஒப்பரேசன் என்றார் டொக்டர். “காலைத் திறந்து காட்ட ஏலாது, முதல்ல வெந்நீர் ஊற்றில குளிச்சுப் பாப்பம்,” என்றார் மச்சாள். கோடையிலும் கணுக்கால் வரை மூடுகிற மனுசி.

பாடன்-பாடனில் தண்ணீர் நிலத்துக்குள்ளிருந்தே கொதிக்கக் கொதிக்க வருகிறது. ரோமர் அதற்குத் தொட்டி கட்டினார்கள். பிற்காலத்தில் குளிக்க வந்த பிரபுக்கள் சூதாடித் தோற்ற காசில் ஊர் பளபளத்தது. இன்று பார்க்கிற பக்கமெல்லாம் ஹொட்டேலும் கிளினிக்கும்தான். ராக்ஸி ஓட்டிய தம்பி எங்கட ஆள்.

“இஞ்ச பக்டரி தேவையில்லை அக்கா, சனத்தின்ர மூட்டுநோவே காணும்!”

எனக்குத் திக்கென்றது. ஊரானின் நோவில் ஒரு ஊரே சோறு தின்னுதே!

மதியம் குளிப்பு மண்டபத்துக்குப் போனோம். பெண்களுக்கான நாள். எங்கள் புதுக் குளியல் உடுப்பைப் பார்த்து வாசலில் இருந்த பெண் மறுத்துத் தலையாட்டினாள்.

“உடுப்போடு உள்ளே விடமாட்டோம்.”

“ஒண்டுமே இல்லாமலோ?”

“ஒன்றுமே இல்லாமல்.”

அட கடவுளே! நான் வெளியே போகத் திரும்பிவிட்டேன். “வாங்கோ மச்சாள், போவம். மானம் கப்பலேறப் போகுது!”

“ஏறினா ஏறட்டும் ரதி. நோகுறது என்ர காலெல்லோ?” துடைக்கிற துவாயை என் கையில் திணித்துவிட்டு உள்ளே நடந்தார்.

அவரைத் தனியே விடலாமா? நானும் போனேன். ஐயோ, கண்ட காட்சி! வெட்டித் தைத்த வயிறுகள், ஒரு மார்பில்லாத பெண், இடுப்பு நீளத் தையலோடு ஒரு முதியவள். ஒருவரும் ஒருவரை உற்றுப் பார்க்கவில்லை. மச்சாளின் தழும்பை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். உள்ளங்கை அகலப் பள்ளம். வாயைப் பொத்திக்கொண்டேன். முதியவள் அதைப் பார்த்தாள், தன் தையலைத் தட்டிக் காட்டினாள், நகர்ந்து இடம் விட்டாள். மச்சாள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

நோ குறைந்ததா? ஒரு பொட்டும் இல்லை. அடுத்த கிழமை மல்வேர்ன் பஸ் தரிப்பில், மச்சாளை ஒப்பரேசன் டொக்டரிடம் கூட்டிப்போகக் காத்து நின்றேன். மச்சாள் முழங்காலுக்கு மேலே நிற்கும் காற்சட்டையோடு வந்தார். தழும்பின் பள்ளம் வெயிலில் அப்படியே தெரிந்தது.

“என்ன மச்சாள் உது?”

“வெக்கையாக் கிடக்கு.”

“இவ்வளவு நாளும் வெக்கை இல்லையோ?”

“இருந்தது,” என்றார்.