காத்தைக் குறைக்கச் சொன்னேன்

இங்கே மாட்டைக் கறப்பதற்கு முன் என் கட்டைவிரலைத்தான் முதலில் கறக்கக் கொடுக்கிறேன். நியூசிலாந்தின் வைகாட்டோ பக்கத்தில் ஒரு பால்பண்ணையில் எனக்கு வேலை. காலையில் மோட்டாரைப் போட்டதும், காம்பில் மாட்டுகிற ரப்பர் கப் ஒன்றுக்குள் விரலை விட்டு, அது இழுப்பதும் விடுவதும் சீராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வந்த புதிதில் கூச்சமாக இருந்தது. கன்றுக்குட்டி மாதிரியே சப்பும். ஆனால் நாக்கின் சொரசொரப்பு இருக்காது. மாடுகள் யாரும் கூப்பிடாமலே வரிசையில் வந்து நிற்கும். பெயர் கிடையாது, காதில் எண் மட்டும்தான். நானூற்றுப் பன்னிரண்டின் முதுகைத் தட்டி "என்னடி தாயி" என்றால் திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்குத் தமிழ் தெரியாது என்பது வேறு விஷயம்.

என் அக்கா பேச்சியம்மாள் மம்சாபுரத்தில் இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறாள். அத்தான் ராணுவத்தில், வருஷத்தில் இரண்டு தடவை தலைகாட்டுவார். தண்ணி காட்டுவதிலிருந்து கறப்பது வரை எல்லாம் அவள் ஒருத்தி. மூத்த மாட்டை நாச்சியார் கோயில் ஆடித் தேர் பார்த்துவிட்டு வந்த மறுநாள் வாங்கினாள், அதனால் அதற்கு நாச்சியா என்று பெயர். பால் முழுக்க ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடைக்குப் போகிறது. போன வருஷம் அவளுக்கு வலது மணிக்கட்டு மரத்துப்போக ஆரம்பித்தது. கையிலிருந்து டம்ளர் இரண்டு தடவை நழுவிய பிறகுதான் டாக்டரிடம் போனாள். கையால் கறப்பதை நிறுத்தாவிட்டால் விரல்களில் உணர்ச்சியே போய்விடும் என்றார் அவர். "மாட்ட வித்துருவமா, ஏட்டி?" என்று அக்கா போனில் கேட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தினமும் நூற்றுக்கணக்கான மாட்டுக்கு மெஷின் மாட்டுகிறவள் நான். கூடப் பிறந்தவளுக்கு ஒரு மெஷின் பார்த்துக் கொடுக்க மாட்டேனா?

ராஜபாளையத்தில் ஒரு கடையில் அவளை நிற்க வைத்து, நான் வீடியோவில் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். ஒரே நேரத்தில் இரண்டு மாடு கறக்கும் பெரிய மெஷினையே கடைக்காரர் முன்னால் தள்ளினார். "ரெண்டு மாடுதான தாயி, ஒரே மூச்சுல முடிஞ்சிரும்" என்றார். ஒவ்வொரு மாடாகக் கறக்கும் ஒற்றை வாளி மெஷின் போதும் என்றேன். கப்பின் வாய் அகலத்தில் மட்டும் விடாப்பிடியாக நின்றேன். பெரிய சீமை மாட்டுக்கான அகலக் கப், சின்னக் காம்பில் மேலே ஏறி மடியைக் கவ்விவிடும்.

"நாச்சியா காம்பு எம்புட்டு தடிமன்க்கா?"

"ஏங் கட்டைவிரல விடக் கொஞ்சம் கம்மி" என்று விரலைக் கேமராவுக்கு நேராக நீட்டினாள். பீச்சிப் பீச்சிக் காய்ப்பேறிய விரல். குறுகலான கப்பையே வாங்க வைத்தேன். கடை ஆள் வீட்டுக்கு வந்து மாட்டிக் காட்டி, உறிஞ்சும் வேகத்தைக் காட்டும் மீட்டர் முள்ளை நான் சொன்ன இடத்தில் நிறுத்திவிட்டுப் போனார். இவ்வளவு பார்த்து வாங்கியாயிற்று, இனி என்ன என்று இருந்துவிட்டேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் ஆனைகூட இல்லை.

எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம்தான் அக்காவுக்கு விடியக் கறவை. பத்து நாள் கழித்து, தட்டில் கை வைத்திருக்கும்போது போன் வந்தது. தொழுவத்தில் சிக்னல் கம்மி, வீடியோ எடுக்காது, பேச்சு மட்டும்தான். கப்பை மாட்டினால் நாச்சியா உதைக்கிறது என்றாள். உறிஞ்சும் வேகம் கூடியிருக்கும் என்று நினைத்தேன். இங்கே அதை வேக்குவம் என்கிறார்கள். அதை அக்காவிடம் எப்படிச் சொல்ல? நம் ஊரில் பம்ப் என்று வந்துவிட்டால் எல்லாமே காற்றுதான். சைக்கிளுக்கும் காற்று, பந்துக்கும் காற்று.

"காத்தக் கொறைக்கா" என்றேன். "குழாய் மேல ஒரு திருகு இருக்குல்லா, அதத் திருப்பு."

"செத்த நேரம் இரு." மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது. "கொறச்சாச்சு."

"இப்பம் நிக்காளா?"

"நிக்கா."

முள் எங்கே நிற்கிறது என்று நான் கேட்கவில்லை. கன்றுகளுக்குப் பால் ஊற்றுகிற வேலை காத்திருந்தது. போனை வைத்துவிட்டேன்.

அந்தத் திருகு வெளிக்காற்றைக் குழாய்க்குள் விடுகிற திருகு. காற்று உள்ளே போனால் உறிஞ்சல் குறையும். காற்றை அடைத்தால் உறிஞ்சல் ஏறும். அக்கா என் சொல்லைத் தட்டவில்லை. உஸ்ஸென்று கேட்ட காற்றுச் சத்தம் அடங்கும் வரைக்கும் திருகை முறுக்கியிருக்கிறாள். மாடு நின்றதற்கும் காரணம் வேறு. பின்னங்கால்களைச் சேர்த்துக் கட்டியிருக்கிறாள். நாலு நாள் அந்த வாயில்லாச் சீவன் அப்படியே நின்று கறக்கக் கொடுத்தது. ஐந்தாம் நாள் காம்பு நுனியெல்லாம் புண், பாலில் ரத்தம். பால்கோவாக் கடையிலிருந்து கேன் அப்படியே திரும்பி வந்தது. மாட்டு டாக்டர் ஊசி போட்டு மூன்று காம்பைக் காப்பாற்றினார். பின்பக்கத்து இடது காம்பு வற்றிவிட்டது. இளைய மாடு அப்போது நிறைசினை, கறவை இல்லாததால் தப்பித்தது.

"நீதானட்டி காத்தக் கொறைக்கச் சொன்ன?" என்றாள் அக்கா. அவள் சண்டைக்கு வந்திருந்தால் தாங்கியிருப்பேன். "சத்தமே இல்லாம அடச்சேனே. பொறவு எப்படி இப்படி ஆச்சு?" என்று, தான்தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டதைப் போலக் கேட்டாள். மெஷினை ஒரு பழைய சேலையால் மூடி வைத்துவிட்டு மறுபடி கையால் கறக்கிறாளாம். மணிக்கட்டு வீங்கியிருக்கிறதாம். இத்தனை தூரம் வந்து கற்ற வித்தையை ஊரில் ஒரு மாட்டின் மேல் இறக்கினேன், அதுவும் இப்படி.

பண்ணைக்காரர் டேவ் என்பவரிடம் நடந்ததைச் சொன்னேன். காற்று என்று நான் சொன்னதையும் அக்கா புரிந்துகொண்டதையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் பூட்ஸைக் கழுவிக்கொண்டே, "ஷீ வில் பி ரைட்" என்றார். அவள் சொல்வதுதான் சரி என்கிறார் என்று எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்தேன். ஆமாம், அக்காதான் சரி, தப்பு என்னுடையது என்றேன். அவர் விழித்தார். எல்லாம் சரியாகிவிடும் என்பதை இவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. எனக்கு என்னவோ முதலில் புரிந்ததுதான் பொருத்தமாகப் படுகிறது.

போன வாரம் கெஞ்சிக் கூத்தாடி அந்தச் சேலையை எடுக்க வைத்தேன். இந்தத் தடவை காற்று என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை. திருகைத் தளர்த்தச் சொல்லி, முள்ளை வாய்விட்டுப் படிக்க வைத்தேன். கட்டைவிரலைக் கப்புக்குள் விட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"என்ன தெரியுதுக்கா?"

"கன்னுக்குட்டி சப்புத மாதிரி இருக்கு" என்றாள். பிறகு, "வெரலு மரத்துக் கெடக்கா, முழுசாத் தெரியலட்டி" என்றாள். இடது கை விரலை விடச் சொன்னேன். அதில் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "ஏட்டி, நாச்சியாளுக்கு மூணு காம்புதான. இந்த நாலாவது கப்ப என்ன செய்ய? வெட்டிப் போட்டுரவா?" என்று கேட்டாள்.

"வெட்டிராதக்கா. வெட்டுனா அந்த வழியா உறிஞ்சுத பிடி போயி மத்த மூணும் கழண்டு விழுந்துரும். வாய அடச்சு அப்படியே தொங்க விடு."

"பாலு கறக்காதுல்லா?"

"கறக்காது."

"ஆனா கூடவே கெடக்கணும்."

"ஆமாக்கா."

கறக்கும்போது எடுத்த ஒரு போட்டோவைக் கறந்து முடித்துவிட்டு அனுப்பியிருந்தாள். கால்களைக் கட்டாமலே நாச்சியா நிற்கிறாள். மூன்று கப் காம்பில் இருக்க, நாலாவது, வாயில் மருந்து பாட்டிலின் ரப்பர் மூடியோடு, அதே குழாயில் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரம் முடியும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.