பத்தாவது மாடி வரை

என் தங்கச்சியின் கைகள் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். வார்டுக்குள் நுழைந்ததும் வெந்நீரில் மூன்று நிமிடம் கைகளை அமிழ்த்திக்கொள்வாள். குளிர்ந்த கையோடு எந்தப் பிள்ளையையும் அவள் தொட்டதில்லை. பெரிய நோயோடு படுத்திருக்கும் பிள்ளைகளின் வார்டு அது. அவள் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. பாதங்களை மெல்லப் பிடித்துவிடுவாள்; மூச்சை எண்ணச் சொல்வாள்; கண்ணை மூடவைத்துக் கற்பனையில் எங்காவது கூட்டிப்போவாள். பஞ்சு மாதிரிக் கை என்பதால் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் பஞ்சக்கா. நான் அவளுக்கு ஆறு வயது மூத்த அண்ணன், இருபது மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டுகிறவன். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பெருமை கொஞ்சம் வழியத்தான் செய்யும். ஆனால் நடக்காததை எழுத மாட்டேன்.

வலியை விரட்டிவிடுவேன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. "மருந்து அது வேலையப் பாக்கும்ணா. பயம் வந்து வலி பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு உக்காருது பாரு, அதைக் கொஞ்சம் தள்ளி உக்கார வைக்கறதுதான் என் வேலை" என்பாள்.

அந்த வார்டில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். கேள்வி கேட்டே ஆளைக் கவிழ்ப்பதால் அவளுக்குக் குட்டி வக்கீல் என்று பெயர். ரத்தத்தில் நோய். முதுகுத்தண்டில் ஊசி போட வேண்டும். மரத்துப்போகும் மருந்து வைத்துத்தான் போடுவார்கள். ஆனாலும் அசையாமல் சுருண்டு படுக்க வேண்டும். நெஞ்சில் சளி கட்டியிருந்ததால் இப்போதைக்கு முழு மயக்கம் கொடுக்க முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

தங்கச்சி வழக்கப்படி தொடங்கினாள். பத்துப் படிகள். ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினால் அடியில் ஒரு தோட்டம். பத்து, ஒன்பது, எட்டு... ஏழாம் படியில் குட்டி வக்கீல் அலறிவிட்டாள். உதறிய கால் பட்டு ஊசித் தட்டு தரையில் உருண்டது. அன்றைக்கு ஊசி இல்லை. அடுத்தது வியாழக்கிழமை. அன்றும் திமிறினால் நான்கு பேர் அமுக்கிப் பிடித்துத்தான் போட வேண்டும்.

அன்று மாலை வீட்டில் தங்கச்சி சாப்பாட்டுத் தட்டில் கை வைக்கவில்லை. "அமுக்கிப் புடிச்சாங்கன்னா அப்புறம் அவ என் கையக்கூட நம்ப மாட்டாண்ணா" என்றாள்.

மறுநாள் குட்டி வக்கீலின் பாதத்தைப் பிடித்துவிட்டபடியே கேட்டிருக்கிறாள்.

"ஏன் கண்ணு, படி பிடிக்கலையா?"

"கீழ என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தோட்டம்தானே?"

"பொய். கீழ ஆபரேஷன் ரூம் இருக்கு. எல்லாரையும் கீழதான் தள்ளிக்கிட்டுப் போறாங்க."

தங்கச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. பயிற்சியில் படி இறங்கத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தக் கட்டடத்தைப் பார்த்து யாரும் சொல்லித்தரவில்லை. கீழ்த்தளத்தில் ஆபரேஷன் அறை இருக்கும் இடத்தில், நான்கு வருஷமாகப் பிள்ளைகளைக் கீழே வா, கீழே வா என்று அழைத்திருக்கிறாள்.

"தப்பு என்னோடதுதான் வக்கீலம்மா. எங்க போகலாம், நீயே சொல்லு."

"மேல. லிஃப்ட்ல. யார் ஓட்டுவாங்க?"

"எங்க அண்ணன்."

"ஒழுங்கா ஓட்டுவாரா?"

"இருபத்திரண்டு வருஷமா ஓட்டுறார். அவர் ஓட்டுறதுல தூங்கிப்போனவங்ககூட உண்டு."

வீட்டுக்கு வந்து என்னைக் குடைந்து எடுத்துவிட்டாள். நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். கதவு மூடியதும் வெளிச்சத்தம் போர்வைக்குள் போனதுபோல அடங்கும். கிளம்பும்போது உள்ளங்காலில் தரை மெல்ல அழுத்தும். நடுவழியில் போகிறோமா நிற்கிறோமா என்றே தெரியாது. நிற்கப்போகும் அந்த ஒரு நொடியில் உடம்பு இறகாகிவிடும்.

"இத்தன நாளா நீ சும்மா பட்டன் அமுக்கறேன்னு நெனச்சேன்."

"வாயக் குறைச்சுட்டு எழுதிக்கோடி."

வியாழக்கிழமை காலை பதினொரு மணி. குட்டி வக்கீல் சுவர் பக்கம் திரும்பிச் சுருண்டு படுத்தாள். கதவு மூடியது. தங்கச்சி வெந்நீரிலிருந்து எடுத்த கைகளால் இரண்டு உள்ளங்கால்களையும் மெல்ல அழுத்தினாள். லிஃப்ட் கிளம்பியது. இரண்டாம் மாடியில் மேகங்களைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தார்கள். நான்காம் மாடியில் யாரும் இல்லை, மழை வாசனை மட்டும். ஆறாம் மாடியில் கட்டில்கள் எல்லாம் குதிரைகளைப்போல நின்றுகொண்டே தூங்கின. ஊசி இறங்கியது ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில். மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் எழுதுகிறேன். கால் விரல்கள் ஒருதரம் மடங்கின. "லிஃப்ட் கொஞ்சம் ஆடுது" என்றாள் குட்டி வக்கீல். "ஆடும். அண்ணன் பாத்துக்குவார்" என்றாள் தங்கச்சி. கால் உதறவில்லை.

"முடிஞ்சுது" என்றார் டாக்டரம்மா.

"இல்ல. ஒன்பதாவது மாடிதான் ஆகுது" என்றாள் குட்டி வக்கீல்.

டாக்டரம்மா கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்றார். கதவில் கை வைத்த நர்ஸ் அதைத் திறக்கவில்லை. தங்கச்சி கைகளை இம்மி இம்மியாகத் தளர்த்தி, ஒரு நொடி பாதங்களை விட்டுவிட்டாள். பத்து.

"கதவு திறந்தாச்சு. என்ன தெரியுது?"

"காத்து" என்றவள் அப்படியே தூங்கிப்போனாள்.

மூன்று மணிக்குப் பசி என்று எழுந்தவளிடம், எப்படி இறங்கி வந்தாய் என்று தங்கச்சி கேட்டாள்.

"யார் இறங்கினா? இதுதான் பத்தாவது மாடி."