பெட்டர் என்று சொல்லி வீடு திரும்பியவள்

1967, ஜூலை. புதன்: மனைவிக்குக் காய்ச்சல், இராயபுரத்தில் மருத்துவமனையில் சேர்த்தேன். வெள்ளி: காய்ச்சல் சற்றுக் குறைந்தது. சனி மாலை: காய்ச்சல் இல்லை எனப் பதிவாயிற்று. ஞாயிறு: வீடு திரும்பினாள்.

சென்ற மாதம் மறைந்த என் மனைவிக்கு, 1967இன் அந்த ஞாயிறுக்கு மறுநாள் திங்கட்கிழமை, திருவொற்றியூர்ப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகச் சேர வேண்டியிருந்தது. தவறினால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

மருத்துவர் தமிழ் அறியாதவர். ‘பெட்டர்?’ என்பதே அவருடைய முழு விசாரணை. வார்டு முழுவதும் ‘பெட்டர்’ என்றே விடையளித்தது. கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த எனக்கு அது உறுத்தியது. எதைவிட என்று சொல்லாமலே ஒப்பிடும் சொல் அது. நேற்றைவிடச் சற்றுக் குறைவாக அவதிப்படுபவரும் கூசாமல் சொல்லலாம். நோயாளி விஷயத்தில் மட்டும் ‘முற்றிலும் குணம்’ என்றும் ஆங்கிலேயர் பொருள் கொள்வர் என்று மனைவிக்கு விளக்கினேன்.

“ரெண்டுல எதைச் சொன்னா வீட்டுக்கு விடுவாங்க?” என்றாள்.

பக்கத்துக் கட்டிலில் காசிமேட்டு மீன்காரம்மா. அவருக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. அதுவே அவருடைய கவலை.

“வூட்டுக்குப் போனா நாளைக்கே கூடைய தூக்கணும். இங்க கஞ்சி கீது, ஃபேன் கீது. உன் ஜொரத்த எனக்குக் குடு தங்கச்சி.”

“எடுத்துக்கோங்க அக்கா.”

சனி மாலை இருவருக்கும் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துவிட்டுச் செவிலி அடுத்த வரிசைக்குப் போனார். போர்வைக்கடியில் தெர்மாமீட்டர்கள் இடம் மாறின. நடுவில் முக்காலியில் அமர்ந்திருந்த நான் மின்விசிறியை ஆராய்ந்தேன்.

“பெட்டர்?” என்றார் மருத்துவர்.

“பெட்டர், சார்!”

அவர் என்னையும் பார்த்தார். நேற்றைவிட பெட்டர் என்று ஆங்கிலத்தில் முழு வாக்கியமாகச் சொன்னேன். அதில் பிழையில்லை. மீன்காரம்மாவிடம் போய், “நோ பெட்டர்” என்று தலையசைத்து, இரண்டு விரல் காட்டிச் சென்றார்.

“நோ பெட்டருன்னா இன்னா? பெட்டருக்கும் மேலயா?”

“ஆமாக்கா. இன்னும் ரெண்டு நாள் கஞ்சி.”

“வாத்தியாரே, ஒம் பொண்டாட்டி பொழைச்சுக்கும்.”

திங்களன்று காய்ச்சலோடு பேருந்தேறிப் பணியில் சேர்ந்தாள். முதல் வகுப்பை உட்கார்ந்தே நடத்தினாளாம். மாலையில் உடம்பு எப்படி என்றேன்.

“சம்பளம் வாங்கப்போற உடம்புங்க. மரியாதையா கேளுங்க.”

ஓய்வு பெறும்வரை அந்தப் பள்ளியை விட்டு அவள் நகரவில்லை.

இன்னும் செய்யாதவை:

அந்தப் பள்ளிக்குத் தெரிவிப்பது.
ஓய்வூதிய அலுவலகத்தில் இறப்புச் சான்று கொடுப்பது.
காசிமேட்டில் அந்த அம்மாளின் வீட்டாரைத் தேடிச் சொல்வது.