எங்கிட்டுப் போயிருவாங்க

கீரமங்கலத்துக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். வீட்டுக்கு வீடு மல்லிகையும் முல்லையும் போட்டிருக்கிறோம். விடியற்காலையில் பூ எடுத்து, வெயில் ஏறுவதற்குள் கீரமங்கலம் பூக்கடைகளில் கொண்டுபோய்ப் போட வேண்டும். தாமதமானால் மொட்டு விரிந்துவிடும். விரிந்த பூவைக் கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்ப்பதால் தோட்டம், பிள்ளைகள், மாமியார் எல்லாம் என் பொறுப்பு. இது போதாதென்று ஒரு கட்சிக்காரருக்கு ஓட்டுக் கேட்கும் வேலையையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அவரை ஊரில் எல்லோரும் அண்ணன் என்றுதான் சொல்வோம். பெரிய புயலில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்து வழியை அடைத்துக் கிடந்தபோது எங்களைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. அவர் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, விழுந்த மரங்களின் மேல் ஏறி இறங்கி, தோளில் அரிசி மூட்டையோடு வந்தார். மறுநாள் மரம் அறுக்கும் மிஷினோடு ஆட்களைக் கூட்டிவந்தார். கரண்ட் வரும்வரை எங்கள் ஊரிலேயேதான் கிடந்தார். என் பக்கத்து வீட்டு அக்கா புருஷனை இழந்து தனியாகத் தோட்டம் பார்ப்பவர். அவர் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் பார்த்தேன்.

அடுத்து வந்த உள்ளாட்சித் தேர்தலில் அண்ணன் ஒன்றியக் கவுன்சிலருக்கு நின்றார். நான் கொஞ்சம் படித்தவள், நாலு பேர் முன்னால் பேசுவேன் என்பதால் என்னை பூத் ஏஜெண்டாக உட்காரச் சொன்னார். அக்காவும் நானும் வீடு வீடாகப் போனோம். "நீங்க எதுக்கு அலையிறீங்க? அவருக்குப் போடாம யாருக்குப் போடப்போறோம்?" என்று எங்களைத்தான் திட்டினார்கள். ஓட்டு எண்ணும்போது பக்கத்து ஊர் முழுக்க அவருக்கு எதிராக இருந்தது. எங்கள் ஊர்ச் சீட்டுகளைப் பிரித்த பிறகுதான் அவர் ஜெயித்தார். பிறகு ஒன்றிய சேர்மனும் ஆனார்.

பதவிக்காலத்தின் நடுவில் எங்கள் ஊர் ரோட்டைப் புதிதாகப் போடுகிறோம் என்று பழைய தாரைப் பெயர்த்து எடுத்தார்கள். ஜல்லியைக் கொட்டிப் பரப்பினார்கள். ஒரு நாள் ரோலர் வந்து உருட்டிவிட்டுப் போனது. அதோடு சரி. டயர் கிழிகிறது என்று மினி பஸ் நின்றுபோனது. பூ மூட்டையை வண்டியில் வைத்துக்கொண்டு, இரண்டு காலையும் தரையில் ஊன்றி ஊன்றி நாங்கள் மெயின் ரோடு போய்ச் சேர்வதற்குள் மொட்டெல்லாம் பல்லைக் காட்ட ஆரம்பித்துவிடும்.

நான் அண்ணனுக்குப் போன் போட்டேன். ஃபண்டு வரவில்லை என்றார். அடுத்த முறை காண்ட்ராக்டர் மேல் பழி போட்டார். அதற்கடுத்து மழை முடியட்டும் என்றார். அப்புறம் போனை வேறு யாரோ எடுத்து, "அண்ணன் மீட்டிங்ல இருக்காரும்மா" என்றார்கள். அதே சமயத்தில் அவருக்கு ஓட்டே போடாத பக்கத்து ஊருக்குத் தார் ரோடு வந்தது. ஓரத்தில் வெள்ளைக்கோடு போட்ட, வழவழப்பான ரோடு. அதன் வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஒரு காலையில் அக்கா ஜல்லியில் சறுக்கி வண்டியோடு விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. மூட்டை அவிழ்ந்து பூ முழுக்க மண்ணில் போனது. கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்துகொண்டும் அவர் அண்ணனை விட்டுக்கொடுக்கவில்லை.

"அவருக்கு இது தெரியாம இருக்கும்டி. தெரிஞ்சா விட்டுருவாரா? வா, நேர்ல போய்ச் சொல்லிட்டு வருவோம்."

இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். உள்ளே கட்சிக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். வெளியே ஜன்னலை ஒட்டிக் கிடந்த பெஞ்சில் எங்களை உட்காரச் சொன்னார்கள். உள்ளே பேசுவது அப்படியே கேட்டது.

யாரோ ஒருவர், "அந்த ஊருல ரோடு கெடக்கிற கெடைக்குப் பொம்பளைங்க ரொம்பச் சத்தம் போடுறாங்கண்ணே" என்றார்.

"அது நம்ம ஊருய்யா," என்றார் அண்ணன். "அவங்க நம்மள விட்டுட்டு எங்கிட்டுப் போயிருவாங்க? மொதல்ல நமக்கு ஓட்டுப் போடாதவன இங்கிட்டு இழுக்கிற வழியப் பாப்போம்."

சிரிப்புச் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து, கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போய்விட்டார். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அண்ணன் வெளியே வந்து, "வாம்மா, டீ சாப்பிட்டியா? ரோடுதானே, பாத்துக்கலாம்" என்று தலையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறிப் போனார். நான் வாயைத் திறக்க நேரமே தரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில், இறங்கும் இடம் வந்ததும் அக்கா, "கட்டுனவ எங்க போயிறப் போறான்னு நெனைக்கிற புருஷன் மாதிரியில்ல பேசுறாரு" என்றார். மறுநாள் பூ எடுக்கும்போதே அண்ணன் சொன்னது ஊர் முழுக்கப் பரவியிருந்தது.

பதவிக்காலம் முடிந்தது. மறுபடி கேட்டதற்கு, "இப்ப நான் பதவியிலயே இல்லையேம்மா, எல்லாம் அதிகாரிங்க கையில" என்றார். பதவியில் இருந்தபோது ஃபண்டையும் காண்ட்ராக்டரையும் மழையையும் சொன்னார்.

சட்டமன்றத் தேர்தலுக்குச் சீட் கேட்கும் நேரம் வந்ததும் அவரே எனக்குப் போன் செய்தார். கட்சியின் மாவட்டத் தலைவர் வருகிறார், எங்கள் ஊரிலேயே கூட்டம், பெண்களைத் திரட்டிவிட வேண்டும் என்றார்.

"ரோட்ட முடிச்சுக் குடுங்கண்ணே. நானே எல்லாரையும் கூட்டியாரேன்," என்றேன்.

"மொதல்ல கூட்டம் முடியட்டும்மா. சீட் கெடச்சா ரோடு என்ன, பாலமே போடுவோம்."

எங்கள் ஊரில் பாலம் போடுவதற்கு ஆறே கிடையாது.

இருந்தாலும் வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒருத்தியும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. "பாப்போம்" என்றார்கள். எனக்கு அந்தப் 'பாப்போம்' பிடிக்கவில்லை. வர மனசில்லை என்றால் என்னிடமாவது முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம்.

கூட்டத்தன்று சாயங்காலம் கோயில் திடலில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசை வரிசையாகப் போட்டிருந்தார்கள். மைக்கில் அண்ணனின் புயல்காலச் சேவையை ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். தலைவரின் கார் ஜல்லியில் ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்தது. பந்தலுக்குள் வெளியூரிலிருந்து வந்த கட்சிக்காரர்களும், மேடை போட்டவர்களும், நானும்தான் இருந்தோம். நான் அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவர் வாசலில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் பேசி வச்சுக்கிட்டீங்களாக்கா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான்தானே அங்க நிக்கிறேன்?"

"யாரும் பேசலடி. யாருக்கும் கெளம்பணும்னு தோணல. நான் என்ன செய்ய?"

நான் பந்தலுக்குத் திரும்பி வந்தபோது, தலைவர் கால் மணி நேரம் பேசுவதற்குள் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டதாக மேடை போட்டவர்கள் சொன்னார்கள். அண்ணன் பந்தக்காலைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? ஒரு ரோட்டுக்காகவா?"

"ரோட்டுக்காக மட்டும்னா இன்னும் காத்துக்கிட்டுத்தாண்ணே இருப்பாங்க. எங்கிட்டுப் போயிருவாங்கன்னு கேட்டீங்களே, அது ஜன்னலுக்கு வெளிய கேட்டுச்சு."

அவர் என்னைக் குழப்பத்தோடு பார்த்தார். "நானா? நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே அவருக்கு நினைவில்லை. என்னை அதிகம் நோகடித்தது அதுதான். ஓர் ஊரின் மனசே திரும்பிப் போவதற்குக் காரணமான சொல், அவருக்கு டீ குடிக்கிற நேரத்துப் பேச்சு.

சீட் வேறொருவருக்குப் போனது. எங்கள் ஊர் துரோகம் செய்துவிட்டது என்று அவர் பல இடங்களில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எதிர்க்கட்சிக்காரர்களிடம் ரோட்டைப் பற்றிப் பேசினால், "நீங்க அவரு ஆளுங்கதானே, அவர்ட்டயே கேளுங்க" என்கிறார்கள். என் கணவர் போனில், "ஒனக்கு எதுக்கு இந்த வேல, பேசாம இரு" என்கிறார். பேசாமல் இருந்தால் பூ கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடுமா?

போன திங்கட்கிழமை அக்காவும் நானும் புதுக்கோட்டைக்குப் போய்க் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம். மனுவை வாங்கிய பெண் படித்துப் பார்த்துவிட்டு, "ஒங்க சேர்மன் இருந்தப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?" என்று கேட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தாளைப் பிடுங்கிக் கிழித்துவிடலாம் போலிருந்தது. அக்கா என் கையை அழுத்தி, "சொன்னோம்ங்க, நெறைய தடவ சொன்னோம்ங்க" என்றார். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். ரசீதை வாங்கிக்கொண்டு, வெயிலில் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தோம்.