மெல்போர்னுக்கு ஒரு துண்டு

மெல்போர்ன் பட்டணத்தைப் பார்த்து வர நினைக்கிறவர்கள் நம் ஊவா மலைநாட்டில் இரண்டு மூன்று பேராவது இருப்பீர்கள். நான் பட்ட அவமானம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளை. விடிகாலையில் ஆளெடுக்கும் பெரட்டில் இருநூறு பேரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். ஒவ்வொருவராக "இருக்கேங்க" என்பார்கள். அதன்பிறகு எனக்குப் பேச்சுத் துணை கிடையாது. மனைவி இறந்து இரண்டு வருஷம். மிஞ்சியிருப்பது தம்பி சின்னையா ஒருவன்தான். பதினான்கு வருஷத்துக்கு முன் பழைய துரைக்குச் சமையற்காரனாக மெல்போர்ன் போனவன், அங்கேயே தங்கிவிட்டான். "அண்ணே, இங்க எல்லாம் இருக்கு. தமிழ்ல திட்டத்தான் ஆள் இல்ல" என்று சென்ற ஐப்பசியில் எழுதியிருந்தான். படித்துவிட்டு அழுதேன். தையில் போய்ப் பார்த்துவிடுவது என்று அன்றே முடிவு செய்தேன்.

அவன் கடிதங்களிலிருந்து பார்க்கவேண்டிய இடங்களைக் குறித்துக்கொண்டேன். யாரும் காசில்லாமல் உட்கார்ந்து படிக்கலாம் என்கிற பெரிய புத்தகசாலை, சித்திரசாலை, நாடகக் கொட்டகைகள், தரைக்கடியில் ஓடும் கம்பி இழுத்துப்போகும் டிராம். கம்பளிக் கோட்டு ஒன்றும் தைத்தேன். தையில் அங்கே வெயில் கொளுத்தும் என்பதைத் தம்பி பிறகுதான் எழுதினான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, துரையிடம் ஒரு துண்டு வாங்கினேன். துண்டுக் கடுதாசி இல்லாமல் இங்கே ஆள் பக்கத்துத் தோட்டத்துக்குக்கூட மாற முடியாது. அது இருந்தால் எந்த வாசலும் திறக்கும். இருபது வருஷமாக நான் கண்ட உலகம் அதுதான். "நம்பிக்கையான ஆள், உள்ளே விடவும்" என்று துரையும் சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

பண்டாரவளைக்குப் பதின்மூன்று மைல். மாட்டுவண்டிக்கு ஒன்றரை ரூபாய். காலை ஆறுக்குக் கிளம்பிப் பகல் ஒன்றுக்குச் சேர்ந்தோம். வழியில் வண்டிக்காரர் விசாரித்தார்.

"மெல்போர்னுங்களா? அது பெரகலைக்கு அங்கிட்டுங்களா?"

"ஆமாங்க, கொஞ்சம் அங்கிட்டு" என்றேன்.

மறுநாள் காலை அங்கிருந்து ஏழு மணி ரயிலில் ஏறினால் மாலை ஆறரைக்குக் கொழும்பு. கட்டுச்சோறு அவசியம்.

கொழும்புக் கோட்டையில் கப்பல் கம்பெனிக் கந்தோருக்குப் போய்த் துண்டை நீட்டினேன். குமாஸ்தா தமிழர். இரண்டு தடவை படித்தார்.

"ஐயா, இத வச்சு அங்க இறங்க ஏலாது. கறுப்பு ஆளுங்கள உள்ள விடாம இருக்கப் புதுச் சட்டம் வந்திருக்கு. அதிகாரி ஐம்பது சொல்லு வாசிப்பாரு, நீங்க எழுதணும்."

"எழுதுறேனே. இங்கிலீஷ் நல்லா வரும்."

"எந்த பாஷைன்னு அவர்தான் சொல்லுவாரு. உங்களுக்கு இங்கிலீஷ் வரும்னு தெரிஞ்சா ஜெர்மன்ல வாசிப்பாரு."

தம்பியை இங்கே வரவழைக்கலாமா என்று கேட்டேன். வந்தால் திரும்பிப் போகும்போது அவனுக்கும் அதே பரீட்சை என்றார். தம்பிக்கு அங்கே ஏழு வயதில் மகள் இருக்கிறாள். துண்டை மடித்துப் பைக்குள் வைத்தேன். குமாஸ்தா குரலைத் தாழ்த்தினார்.

"கப்பல விட்டு இறங்காம இருந்தா பரீட்சை கிடையாது, ஐயா. அங்க மூணு நாள் நிக்கும்."

போக வரச் சீட்டு வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பினேன். போக மட்டும் பதினாறு நாள். என் கடிதம் முந்திப் போய்ச் சேரட்டும் என்று மாசிக் கடைசிக் கப்பலைக் கேட்டேன்.

ஆகவே புறப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: துண்டை நம்பாதீர்கள். கோட்டு வேண்டாம். புத்தகசாலையும் டிராமும் உண்டு, ஆனால் நமக்கில்லை. கரை எந்தப் பக்கம் வரும் என்று மாலுமிகளிடம் முன்கூட்டியே கேட்டு, அந்தப் பக்கத்துக் கைப்பிடிக் கம்பியருகே இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "புள்ளையக் கூட்டிக்கிட்டுக் கப்பலடிக்கு வா. பதினாலு வருஷமாச்சு, கூட்டத்துல உன் மூஞ்சி எனக்கு அடையாளம் தெரியாது. மேல நின்னு, பெரட்டுல கூப்பிடுற மாதிரி உன் பேரக் கூப்பிடுவேன். கீழ இருந்து 'இருக்கேண்ணே'ன்னு சொல்லு."